நூறு ரூபாய்க்கு எழுபது சதம்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

போன கிழமை தரம் 11 வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்குக் குடுக்கிற காசக் குறைக்கிறதாமே. இவ்வளவு காலமும் எவ்வளவு குடுத்தாங்க?" பதில் சொல்லாமல் வகுப்பிடமே திருப்பிக் கேட்டேன். நூறு ரூபாய் உழைத்தால் பத்து ரூபாய் கொடுப்பார்கள் என்றார்கள் சிலர். இருபது என்றும் ஒரு குரல் வந்தது. இடைவேளையில் ஆசிரியர் ஓய்வறையில் கேட்டேன். அங்கே ஐந்துக்குக் கீழே யாரும் இறங்கவில்லை.

கொடுப்பதாகச் சொன்னதே 70 சதம்தான். அதையும் கொடுத்து முடித்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன்.

1958 இல் உலகத் திருச்சபைகள் மன்றம் ஐ.நா. பிரதிநிதிகளிடம் ஒரு யோசனையை வைத்தது: பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் நூற்றுக்கு ஒன்றை வறிய நாடுகளுக்குக் கொடுக்கட்டும். யோசனை பரவியது. ஆனால் அந்த ஒன்றுக்குள் தனியார் கம்பனிகளின் முதலீடும் சேர்ந்திருந்தது. கம்பனி எங்கே காசு போட வேண்டும் என்று அரசாங்கம் எப்படி வாக்குக் கொடுக்கும்? ஆகவே அரசாங்கத்தின் பங்கைத் தனியாகப் பிரிக்க வேண்டி வந்தது. நெதர்லாந்துப் பொருளியலாளர் ஜான் டின்பேர்கன் 0.75 என்றார். உலக வங்கியின் அழைப்பில் கனடாவின் முன்னாள் பிரதமர் லெஸ்டர் பியர்சன் தலைமையில் கூடிய ஆணைக்குழு 1969 இல் 0.7 என்றது. 1975 இல், மிஞ்சிப்போனால் 1980 இல், அதை எட்ட வேண்டும் என்று காலமும் குறித்தது.

1970 ஒக்டோபர் 24 இல் ஐ.நா. பொதுச்சபை அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் தீர்மானத்தின் வசனத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். "கொடுப்போம்" என்று அங்கே இல்லை, கொடுக்க முழு முயற்சி செய்வோம் என்றுதான் இருக்கிறது. வீட்டுவேலை செய்யாமல் வரும் பிள்ளையின் பதிலும் அதுதான்: "முயற்சி செஞ்சேன் சேர்." அமெரிக்கா அந்த அளவுக்கும் போகவில்லை. நோக்கம் சரி, இலக்கம் நமக்கு வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டது.

சுவீடனும் நெதர்லாந்தும் 70களின் நடுப்பகுதியில் எட்டின. 1976 இல் நோர்வே, 1978 இல் டென்மார்க். எல்லாம் சின்ன நாடுகள். பியர்சனின் சொந்தக் கனடா இன்று வரை எட்டவில்லை. கொடையாளி நாடுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் 2024 இல் நூறு ரூபாய்க்கு ஏறத்தாழ 33 சதம். சொன்னதில் பாதியும் இல்லை.

1971 இல் ஐ.நா. மிக வறிய நாடுகளைத் தனியாகப் பட்டியலிட்டது. எல்லா ஏழை நாடும் ஒரே ஏழை நாடு அல்ல என்பதால் வந்த பட்டியல் அது. 1981 இல் பாரிஸ் மாநாட்டில் 70 சதத்துக்குள் 15 சதத்தையாவது இந்த நாடுகளுக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கப்பட்டது. பெரும்பாலானவை அதையும் எட்டவில்லை.

காசு எங்கே போனது என்பதற்கு பிரித்தானியாவின் கதை நல்ல பாடம். மலேசியாவில் பெர்காவ் அணைக்கட்டுக்கு 234 மில்லியன் பவுண் உதவி என்று ஒதுக்கினார்கள். மலேசியா மிக வறிய நாடு அல்ல. அணையின் மின்சாரமும் வேறு வழிகளை விட விலை கூடியது என்று அவர்களின் சொந்த அதிகாரிகளே எச்சரித்தார்கள். ஆனால் அந்த உதவியின் பின்னால் ஆயுத விற்பனை ஒன்று இருந்தது. 1994 இல் இலண்டன் மேல் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று தீர்த்தது. பிறகு, 2002 இல், உதவியின் நோக்கம் வறுமை ஒழிப்பே என்று சட்டத்திலேயே எழுதினார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், அதே பிரித்தானியா 2013 இல் 0.7 ஐ எட்டியது. உள்நாட்டில் செலவுகளை வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. 2015 இல் சட்டமாகவும் ஆக்கியது. ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு கதவு திறந்தே இருந்தது: இலக்கு தவறினால் அமைச்சர் பாராளுமன்றத்தில் காரணம் சொன்னால் போதும். கொவிட் வந்தது, காரணமும் வந்தது. 2021 இல் 0.5 ஆகக் குறைத்தார்கள். வாக்கெடுப்பில் 333 க்கு 298. அந்த வருடம் பஞ்சத்தின் விளிம்பில் நின்ற யெமனுக்கு அறிவித்த தொகை 87 மில்லியன் பவுண். முந்தைய வருடம் 164 மில்லியன்.

அந்த 0.5 உம் முழுதாக வெளியே போகவில்லை. அகதிகளைத் தன் நாட்டில் தங்கவைக்கும் முதல் வருடச் செலவையும் "வெளிநாட்டு உதவி" என்று கணக்கில் சேர்க்க விதி இடம் கொடுக்கிறது. 2022 இல் பிரித்தானிய உதவியில் நூற்றுக்கு 29 அளவு இப்படிச் செலவானது. ஆபிரிக்காவுக்கு என்று நாம் நினைக்கும் காசில் ஒரு பகுதி இங்கிலாந்தின் ஹோட்டல் பில்லுக்குப் போனது. ஜேர்மனி 2016 இல் 0.7 ஐத் தொட்டதும் இந்தக் கணக்கால்தான். அகதிக்கு இடம் கொடுப்பது நல்ல காரியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதற்கான செலவை இன்னொரு ஏழையின் பங்கிலிருந்து எடுக்கலாமா?

நூற்றுக்கு இரண்டரை என்று மத்ரஸாவிலேயே மனனம் செய்த நமக்கு 0.7 சின்னதாகத் தெரியும். அவசரப்பட்டு ஒப்பிட வேண்டாம். ஸகாத் இருப்பின் மீது, இது வருட வருமானத்தின் மீது. நான் பார்ப்பது வேறொன்றை. ஸகாத்தில் எவ்வளவு என்பதோடு யாருக்கு என்பதும் தீர்மானமானது, எட்டுக் கூட்டத்தார் என்று. அந்தப் பட்டியலைக் கொடுப்பவர் மாற்ற முடியாது. இங்கே எது உதவி என்று வரையறுக்கும் மேசையில் இருப்பதும் கொடுப்பவர்களே.

2025 இல் பிரித்தானியா மீண்டும் குறைத்தது. 2027 இல் 0.3 ஆக வரும், மிச்சம் பாதுகாப்புச் செலவுக்கு. அபிவிருத்தி அமைச்சர் பதவி விலகினார். 1961 இல் கென்னடி தொடங்கிய யூஎஸ்எய்ட் நிறுவனம் அதே வருடம் ஜூலை 1 உடன் வேலையை நிறுத்தியது. வீதத்தில் பின்னால் நின்றாலும் தொகையில் முதலிடத்தில் இருந்த நாடு அமெரிக்கா.

இதையெல்லாம் சுருக்கிச் சொல்லி முடித்ததும் அதே மாணவி கேட்டாள்: "நாங்களும் அந்த லிஸ்ட்ல இருக்கமா சேர்?"

இல்லை. மிக வறிய நாடுகள் பட்டியலில் இலங்கை ஒருநாளும் இருந்ததில்லை. பக்கத்து மாலைதீவு இருந்தது, 2011 இல் வெளியேறியது. ஆனால் உலக வங்கியிடம் இன்னொரு கதவு உண்டு, 1960 இல் தொடங்கிய சர்வதேச அபிவிருத்திச் சங்கம். பணக்கார அரசாங்கங்கள் போடும் காசில் வறிய நாடுகளுக்குச் சலுகைக் கடன் கொடுப்பது அது. 2017 இல் நாம் அதிலிருந்து தேறி வெளியே வந்தோம். எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றோமே 2022, அந்த வருடம் டிசம்பரில் திரும்பவும் உள்ளே எடுத்தார்கள். நாம் கேட்டுத்தான்.