வினாகிரி கற்பித்த பாடம்

ஒல்லாந்தர் நமது தீவின் கரையோரங்களை ஆண்டுகொண்டிருந்த காலம் அது. அவர்களுடைய தாயகத்திலே, டெல்ப்ட் என்னும் நகரில், லீவன்ஹுக் என்றொரு துணி வியாபாரி வாழ்ந்தார். நாள்தோறும் காலையில் உப்பினாற் பல் துலக்குவது அவர் வழக்கம். ஆயினும், பற்களின் இடுக்கிலே மாவைக் குழைத்தாற் போன்ற வெண்பொருள் ஒன்று தங்கியிருக்கக் கண்டார். தாமே கடைந்த வில்லையினூடாக அதை நோக்கினார். அதனுள்ளே எண்ணற்ற சிற்றுயிர்கள் துள்ளித் திரிந்தன! இச்செய்தியை 1683ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் லண்டன் றோயல் சங்கத்துக்குக் கடிதமாக எழுதினார்.

அவர் அத்துடன் நிற்கவில்லை. வினாகிரியால் வாயைக் கழுவிப் பார்த்தார். அழுக்கின் மேற்புறத்து உயிர்கள் மடிந்தன. உள்ளே இருந்தவையோ பிழைத்துக்கொண்டன. நேயர்களே, இச்சிறு குறிப்பின் பெருமையை மருத்துவ உலகம் உணர ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் சென்றன.

இருபதாம் நூற்றாண்டிலே மனித உடலுக்குள் உலோகம் புகுந்தது. 1962இல் இங்கிலாந்தின் ஜோன் சார்ண்லி, தேய்ந்த இடுப்பு மூட்டுக்கு மாற்றாக உலோகமும் பிளாஸ்ரிக்கும் கொண்ட மூட்டினைப் பொருத்தினார். 1965இல் சுவீடன் நாட்டின் பிரனமார்க், தைட்டானியம் என்னும் உலோகத்தைத் தாடை எலும்பில் வேரூன்றச் செய்து, அதன்மேல் பல் அமைத்தார். முடவர் நடந்தனர், பல்லிழந்தோர் மென்று உண்டனர். ஆனால், சிலருக்குப் பொருத்திய இடம் சீழ் பிடித்தது. மருந்து கொடுத்தால் அடங்கும். நிறுத்தினால் மீண்டும் தலைகாட்டும்.

காரணம் என்ன? 1982இல் கனடாவின் கொஸ்ரேட்டன் என்பாரும் அவருடைய துணைவரும், இதயத்துடிப்பைத் தூண்டும் கருவியொன்றின் நோயுற்ற கம்பியை இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்தனர். கிருமிகள் தனித்தனியே இருக்கவில்லை. தாமே சுரந்த பசைக்குள் திரளாய்க் குடியிருந்தன. இதையே உயிர்ப்படலம் என்கின்றோம். அதன் ஆழத்திலுள்ள கிருமிகள் மெல்லவே வளர்கின்றன. பெருகும் கிருமியைத் தாக்கும் மருந்துகள் பல அவற்றிடம் தோற்றுப்போகின்றன. உலோகத்திலோ இரத்த ஓட்டமும் இல்லை.

ஆகவே, இன்றைய வைத்தியர் மருந்தை மட்டும் நம்புவதில்லை. தொற்று புதிதாயின் புண்ணைத் திறந்து, படலத்தைச் சுரண்டிக் கழுவி, மாற்றக்கூடிய பிளாஸ்ரிக் பாகத்தை மாற்றுகின்றனர். பின்னரே தகுந்த மருந்துகளைத் தொடர்கின்றனர். முற்றிய தொற்றாயின் மூட்டையே கழற்றி, கிருமி ஒழிந்தபின் வேறொன்று பொருத்த நேர்வதும் உண்டு. பொருத்திய பல்லைத் துப்புரவாக்குவதிலும் எச்சரிக்கை வேண்டும். உருக்குக் கருவி தைட்டானியத்தைக் கீறிவிடலாம். கீறல் கிருமிக்கு மறைவிடமாகும். அதனால், மென்மையான கருவிகளையும் நுண்பொடி கலந்த காற்றையும் கையாளுகின்றனர்.

ஒட்டிய படலத்தைக் கொல்வது மட்டும் போதாது, அகற்றவும் வேண்டும். அந்தத் துணி வியாபாரியின் வினாகிரி கற்பித்த பாடம் இதுவே. பொருத்திய பல்லுடையோர் நாள்தோறும் கையிலெடுக்கும் தூரிகை, சத்திர வைத்தியரின் கத்திக்கு வேலை வராமற் காக்கும் முதற் காவலாகும்.