பேண்டிகூட்

பாதாளச் சாக்கடை ஆள்நுழைவுக் குழிகளைத் தூர்வாரும் ரோபோ. கேரளத்தின் குட்டிப்புறம் பொறியியல் கல்லூரியில் படித்த இளைஞர்கள் தொடங்கிய ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனம் இதை உருவாக்கியது. 2018இல் திருவனந்தபுரத்தில் பணிக்கு வந்தது. சிலந்திபோல் கால்களைக் குழியின் சுவரில் ஊன்றிக்கொண்டு, இயந்திரக் கையால் சேற்றையும் கழிவையும் வாளியில் அள்ளி மேலே அனுப்புகிறது. இயக்குபவர் தரையில் நின்றபடி, கேமராக் காட்சியைத் திரையில் பார்த்து அதை வழிநடத்துகிறார். உயிர் குடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற நச்சுவாயுக்களை உணரிகள் அறிவிக்கின்றன. துப்புரவுத் தொழிலாளரே இயக்குபவராகப் பயிற்சி பெறுவது இதன் மிகச் சிறந்த கூறு. வேலை பறிபோவதில்லை, குழிக்குள் இறங்கும் இழிவு மட்டும் நீங்குகிறது. தமிழ்நாட்டில் கும்பகோணம், கோயம்புத்தூர் நகரங்களிலும் இது பயன்பாட்டுக்கு வந்தது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும் குழிமரணங்கள் நிற்கவில்லை. எனவே எந்திரத்தை வாங்கிய உள்ளாட்சி அமைப்புகள் அதை அன்றாடம் இயக்கவும் வேண்டும்.