வெடிக்கும் வாயு மருந்தாகுமா?

ஹைட்ரஜன் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 1937ல் எரிந்து விழுந்த ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல்தான். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கக்கூடிய வாயு இது. இதை நோயாளிக்குச் சுவாசிக்கக் கொடுக்கலாம் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அதுதான் நடந்தது!

1766ல் ஹென்றி கேவண்டிஷ் இதை 'எரியும் காற்று' என்று தனியாக அடையாளம் காட்டினார். உடலுக்குள் போனாலும் எந்த வினையும் புரியாத வாயு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1940களில் ஸ்வீடனின் ஆர்னே செட்டர்ஸ்ட்ரோம் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த வாயுவைச் சுவாசித்தபடி ஆழ்கடலில் இறங்கினார். 1945ல் இறந்தும் போனார். காரணம் வாயு அல்ல. அவரை மேலே தூக்கியவர்கள் செய்த தவறு. 1975ல் அமெரிக்க ஆய்வாளர்கள், தோல் புற்றுநோய் கண்ட சுண்டெலிகளை அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜன் சுவாசிக்க வைத்தார்கள். கட்டிகள் சுருங்கின. ஆனாலும் பெரிதாக யாரும் தொடரவில்லை.

திருப்பம் 2007ல் வந்தது. அடைபட்ட ரத்தம் திரும்பப் பாயும்போது ஹைட்ராக்சில் ராடிகல் போன்றவை உருவாகி செல்களைச் சிதைக்கின்றன. ஹைட்ரஜன் இந்தக் கொடியவற்றை மட்டும் அடக்கி, உடலுக்குத் தேவையானவற்றை விட்டுவிடுகிறது என்று ஜப்பானின் ஷிகியோ ஓட்டா குழுவினர் எலி மூளையில் செய்த சோதனையோடு எழுதினார்கள். இந்த விளக்கம் குறித்து இன்றும் விவாதம் உண்டு. 2008ல் கெய்யோ பல்கலைக்கழகத்தினர், எலிகளில் மாரடைப்பால் சேதமாகும் பகுதி குறைவதைக் காட்டினார்கள். அதே ஆண்டு, சர்க்கரை நோயோ அதன் முந்தைய நிலையோ இருந்த 36 பேர் தினமும் 900 மில்லி ஹைட்ரஜன் தண்ணீரை 8 வாரம் குடித்தார்கள். கெட்ட கொழுப்பின் ஒரு வகை குறைந்தது.

பெரிய சோதனை ஜப்பானின் 15 மருத்துவமனைகளில் நடந்தது. இதயம் நின்று மீண்டும் துடித்தும் நினைவு திரும்பாதவர்களுக்கு, தீப்பிடிக்கும் அளவுக்குக் கீழே, 2 சதவீத ஹைட்ரஜன் 18 மணி நேரம் தரப்பட்டது. கொரோனாவால் 73 பேரோடு சோதனை நின்றுபோனது. 2023ல் முடிவு வெளியானது. 90 நாட்களுக்குப் பின் ஹைட்ரஜன் பெற்றவர்களில் 85 சதவீதமும், பெறாதவர்களில் 61 சதவீதமும் உயிரோடு இருந்தார்கள். ஆனால் சோதனையின் முதன்மைக் கேள்வி, மூளை நன்றாகத் தேறியதா என்பது. அதில் 56க்கு 39 சதவீதம். ஆள் குறைவு என்பதால் அந்த வித்தியாசம் உறுதியாகவில்லை.

இதற்குள் ஹைட்ரஜன் தண்ணீர் பாட்டில்கள் கடைக்கு வந்துவிட்டன! 73 பேரிடம் கிடைத்தது நம்பிக்கை. நிரூபணத்துக்கு இன்னும் நிறையப் பேர் வேண்டும். அதுவரை பாட்டிலை நம்பி சர்க்கரை மாத்திரையை நிறுத்துபவருக்குத்தான் ஆபத்து.