துள்ளும் நாய்க்குட்டி கையைக் கவ்வுகிறதா? அடிக்காமல் பழக்கும் முறை

தோட்டக் காவலுக்கும் ஆட்டுப்பட்டிக்கும் நாய் வளர்க்காத கிராமம் அபூர்வம். கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம், கோம்பை போன்ற நாட்டு இனமானாலும், தெருவிலிருந்து எடுத்து வந்த குட்டியானாலும், சிறு வயதில் கை, கால், வேட்டி நுனி, ஆட்டின் காது என அகப்பட்டதையெல்லாம் கவ்வும். 'காவல் நாய் அப்படித்தான் இருக்க வேண்டும்' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சிலர் கையை நீட்டி, சூ காட்டி உசுப்பியும் விடுகிறார்கள். அதே பழக்கத்தோடு 20 கிலோ நாயாக வளர்ந்து நின்றால், முதலில் காயப்படுவது திருடன் அல்ல, வீட்டுக் குழந்தையும் ஆட்டுக்குட்டியும்தான். காவலுக்குத் தேவை குரைப்பும் ஆள் அடையாளமும். அவை வளரும்போது தானாக வரும்.

ஏன் கவ்வுகிறது?

குட்டிக்கு 28 பால் பற்கள் உண்டு. ஏறக்குறைய நான்காவது மாதத்தில் இவை விழத் தொடங்கி, ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் முளைத்துவிடும். அதுவரை ஈறு குறுகுறுப்பதால் எதையாவது மென்றுகொண்டே இருக்கும்.

இரண்டாவது காரணம் விளையாட்டு. கூடப்பிறந்த குட்டியை அழுத்திக் கடித்தால் அது கத்திவிட்டு விலகிவிடும், ஆட்டம் நின்றுவிடும். எவ்வளவு கடிக்கலாம் என்ற அளவைக் குட்டி இப்படித்தான் கற்கிறது. எனவே, எட்டு வாரம் நிறையும் முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது.

பழக்கும் முறை

* பல் பட்டவுடன் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுத்தால் அது துரத்திப் பிடிக்கும். கையை அசைக்காமல் நிறுத்தி, 'வேண்டாம்' என்று ஒரே சொல்லை அழுத்தமாகச் சொல்லுங்கள்.

* உடனே எழுந்து திரும்பி, அரை நிமிடம் பேசாமல், பார்க்காமல் நில்லுங்கள். காலைக் கவ்வினால் கதவுக்கோ வேலிக்கோ அந்தப் பக்கம் போய்விடுங்கள். அமைதியானதும் திரும்பி வாருங்கள். கடித்தால் ஆட்டம் முடியும் என்பது அதற்குப் புரிய வேண்டும்.

* கவ்வுவதற்கு மாற்று கொடுங்கள். முடிச்சுப் போட்ட கெட்டியான பருத்திக் கயிறு போதும். நார் பிரிந்தால் மாற்றிவிடுங்கள். பழைய செருப்பு வேண்டாம். பழையது எது, புதியது எது என்று குட்டிக்குத் தெரியாது. வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

* சோறு வைக்கும் முன் உட்கார வையுங்கள். உட்கார்ந்த பிறகே தட்டு. துள்ளினால் தட்டு மேலே போக வேண்டும்.

* பகல் முழுவதும் கட்டிவைத்து மாலையில் அவிழ்த்தால் குட்டி வெறியாட்டம் ஆடும். காலையும் மாலையும் சிறிது நேரம் நடத்திக் கூட்டிச் செல்லுங்கள். தூக்கம் குறைந்தாலும் கடி கூடும். நிழலில் தொந்தரவில்லாத இடம் ஒதுக்குங்கள்.

வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். அப்பா தடுத்து, அண்ணன் கையைக் கொடுத்து விளையாடினால் பழக்கம் நிற்காது. அனைவரும் கடைப்பிடித்தால் சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும்.

குழந்தைகளும் ஆடுகளும்

ஓடும் குழந்தையைக் குட்டி துரத்தும். குட்டி பாய்ந்தால் ஓடாமல், கத்தாமல், கையைக் கட்டி மரம்போல நிற்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். சிறு குழந்தையையும் குட்டியையும் தனியாக விடாதீர்கள்.

கன்னியும் சிப்பிப்பாறையும் வேட்டை இனங்கள். ஓடுவதைத் துரத்துவது அவற்றின் பிறவிக் குணம். எனவே, ஆடு, கன்று, கோழி இருக்கும் இடத்தில் முதல் சில மாதங்கள் கயிற்றில் பிடித்தே நடத்துங்கள். தள்ளி நின்று பழக்கி, நாளுக்கு நாள் அருகில் கொண்டு போகலாம். ஆட்டைப் பார்த்தும் பாயாமல் உங்களைத் திரும்பிப் பார்த்தால், ஒரு துண்டு கருவாடோ சோற்று உருண்டையோ கொடுங்கள்.

பல் முளைக்கும் பருவத்தில் பூச்சிக்கொல்லி டப்பா, உர மூட்டை, மோட்டார் ஒயர் ஆகியவை குட்டிக்கு எட்டக் கூடாது.

செய்யக் கூடாதவை

அடிப்பது, வாயை இறுக்கிப் பிடிப்பது, மிளகாய்த்தூள் தடவுவது ஆகியவை வேண்டாம். வலியில் குட்டி இன்னும் வேகமாகக் கடிக்கும், அல்லது கையைக் கண்டாலே பயப்படும். உறுமினால் அடிக்கப்பட்ட நாய், பிற்காலத்தில் உறுமாமலே கடிக்கும்.

விளையாட்டுக் கடியின்போது குட்டியின் உடல் தளர்ந்திருக்கும், முன்னங்கால் தாழ்ந்திருக்கும். உடல் விறைத்து, முறைத்து, சோற்றுத் தட்டருகில் உறுமினால் அது விளையாட்டல்ல. கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பல் பட்டால் அலட்சியம் வேண்டாம்

'குட்டிதானே' என்று விடுவதுதான் பெரிய ஆபத்து. ரேபிஸ் குட்டிகளுக்கும் வரும். மனிதருக்கு நோய் அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது. தோலில் கீறல் விழுந்தாலோ ரத்தம் வந்தாலோ, ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், காபித்தூள் வைக்கக் கூடாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். மருத்துவர் சொல்லும் நாட்களில் எல்லா ஊசிகளையும் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் கால்நடை மருந்தகத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். அடுத்த ஊசி எப்போது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, பிறகு ஆண்டுதோறும் தொடருங்கள். சாதுவாக இருந்த நாய் திடீரெனக் குரல் மாறி, எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல் கண்டதையெல்லாம் கடித்தால், அருகில் போகாமல் உடனே கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள்.

நிரந்தரப் பற்கள் முளைத்து முடியும் ஏழாம் மாதத்துக்குள் கவ்வும் பழக்கத்தை நிறுத்திவிட வேண்டும். அதன்பின் பதியும் பல் ஆழமாகவே பதியும்.