ஆகாயத்தாமரை: சொந்தக் குளங்களில் கட்டுப்படுத்தல்

அமேசான் படுகையைத் தாயகமாகக் கொண்ட மிதக்கும் களை. வெங்காயத்தாமரை என்றும் பெயர். ஊதாப் பூவின் அழகே இதை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. சாக்கடையும் உரநீரும் கலக்கும் குளத்தில் இரண்டே வாரங்களில் இருமடங்காகப் பெருகும். ஆகவே முதலில் அந்த நீர்வரத்தை அடைக்க வேண்டும். சிறு குளத்துக்குக் கையால் அள்ளுவதே சிறந்த வழி. பூக்கும் முன்பே வேரோடு வாரி, மழைநீர் திரும்ப இழுத்துவராத மேட்டில் குவித்து மட்கவிடலாம். தண்டின் துண்டு தங்கினாலும் மறுபடி படரும். சேற்றில் புதைந்த விதை 15 ஆண்டுகள்கூட உயிரோடிருக்கும். களைக்கொல்லியால் ஒரேயடியாகக் கொன்றால், செடி அழுகி ஆக்சிஜன் குறைந்து மீன்கள் சாகும். இக்களையைக் கட்டுப்படுத்த இந்தியாவில் 1980களில் விடப்பட்ட நியோகெட்டினா கூன்வண்டுகள் இலையையும் தண்டையும் தின்று செடியை நலிவிக்கும். பலன் தெரியச் சில ஆண்டுகள் ஆகும்.