மிச்சம்

மட்டாஞ்சேரியில் என் வீட்டுத் திண்ணையில் மலையாளப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த பேரன் திடீரென்று கேட்டான்: "தாத்தா, மிச்சபூமின்னு போட்டிருக்கே, யாரு தின்னு வச்ச மிச்சம்?" சிரித்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் நியாயமான கேள்விதான்.

நம் வீடுகளில் மிச்சம் என்றால் பானையில் நின்ற சோறு. "இந்த மாசம் நூறு ரூபா மிச்சம் பிடிச்சேன்" என்றால் செலவு போக எஞ்சியது. அளவுக்கு மேற்பட்டதைச் சொல்ல நமக்கு 'ஜாஸ்தி' இருக்கிறது; அது பாரசீகத்திலிருந்து வந்த விருந்தாளி. 'ரொம்ப' என்பதோ 'நிரம்ப' தேய்ந்தது. ஆனால் மிச்சத்தின் வேரும் 'மிகு' என்பதே. மிகை, மிகுதி, மிஞ்சு எல்லாம் அதன் உடன்பிறப்புகள். குறளில் விருந்தோம்பல் அதிகாரத்து 'மிச்சில்', விருந்தினர் உண்டபின் எஞ்சிய உணவு. இலங்கைத் தமிழர் "மிச்சம் சந்தோஷம்" என்றால் மிக்க மகிழ்ச்சி. பழைய வேர்ப்பொருள் அங்கே இன்னும் பச்சையாக இருக்கிறது.

மலையாளத்தில் எஞ்சியதும் மிச்சம், உபரியும் மிச்சம். பட்ஜெட் செய்தியில்கூடப் பற்றாக்குறை 'கம்மி', உபரி 'மிச்சம்'. 1963ஆம் ஆண்டின் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் 1969இல் திருத்தப்பட்டு, 1970 ஜனவரி 1 முதல் உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது. இரண்டு முதல் ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்குப் பத்து ஸ்டாண்டர்டு ஏக்கர். அதற்கு மேற்பட்டதே மிச்சபூமி. ஏ.கே.கோபாலன் முன்னின்ற போராட்டத்தால் அச்சொல் தெருவுக்கு வந்தது. தமிழ்நாட்டில் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்பு முப்பது ஸ்டாண்டர்டு ஏக்கர்; 1970இல் பதினைந்தாயிற்று. அங்கே அதற்கு 'உபரி நிலம்' என்று பெயர். உபரி என்றால் மேலே என்று வடமொழி. எனக்கென்னவோ மிச்சபூமிதான் பிடித்திருக்கிறது. வீட்டு மிச்சத்தை உண்டவன் தீர்மானிக்கிறான். நில மிச்சத்தையும் அவனிடமே விட்டிருந்தால் பானையில் பருக்கை நின்றிருக்காது.

இதையெல்லாம் பேரனிடம் விளக்கினேன். "அப்போ மூணாறு டீ எஸ்டேட்?" என்றான்.

தேயிலை, காபி, ரப்பர், ஏலத் தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே ஆயிரக்கணக்கான ஏக்கர் இருந்தாலும் தேயிலைக் காடு சட்டத்தின் கணக்கில் மிச்சம் ஆகாது. அதில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் மாண்டார்களே, அவர்களும் அநேகமாகத் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தாரே. அவர்கள் படுத்திருந்த லயங்கள் கம்பெனிக்குச் சொந்தமானவை.