ஜீப்பின் ஸ்டியரிங் ஆட்டம்: பழி யார்மேல்?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வில்லிஸும் ஃபோர்டும் ஆறு லட்சத்துக்கும் மேல் தயாரித்த ஜீப், வயதானால் நேர்ச் சாலையில்கூட இடமும் வலமும் அலையும். பழி வழக்கமாக ஸ்டியரிங் பாக்ஸின் தலையில்தான் விழும். முதலில் சந்தேகிக்க வேண்டியது அதையல்ல. பாக்ஸிலிருந்து வரும் தண்டு நேராகச் சக்கரத்துக்குப் போவதில்லை. முன் ஆக்சிலில் ஒரு முளையில் சுழலும் பெல்கிராங் என்ற நெம்புகோலைத் தள்ளுகிறது, அதிலிருந்துதான் இரு பக்கமும் டை ராடுகள் பிரிகின்றன. சேறும் தண்ணீரும் முதலில் போய்ச் சேரும் இடமும் அதுவே. அந்த முளையும் பேரிங்கும் சற்றே தேய்ந்தாலும் ஓட்டுபவரின் கையில் ஆட்டம் தெரிந்துவிடும்.

பாக்ஸும் தேயுமே என்பார்கள். தேயும்தான். ஆனால் எங்கே ஆட்டம் என்று பார்க்காமல் அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவை இறுக்கினால் ஸ்டியரிங் நடுவில் பிடித்துக்கொள்ளும், வளைவில் தானாகத் திரும்பி வராது, அலைச்சலும் போகாது. ஒருவர் ஸ்டியரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்ட, இன்னொருவர் வண்டிக்கு அடியில் படுத்து, அசைவு எந்த மூட்டோடு நின்றுபோகிறது என்று பார்ப்பதே நியாயமான விசாரணை. (டயரும் கிங்பின்னும் தனி வழக்கு.) 1972-இல், போர் ஜீப்பின் சிவிலியன் வாரிசான சிஜே ஜீப்புகளுக்கு சாகினா என்ற வேறு ஸ்டியரிங் பாக்ஸ் வந்தது உண்மை, பாக்ஸ்தான் குற்றவாளி என்பவர்கள் இதையே சாட்சியாகக் காட்டலாம். அதே மாற்றத்தில் பெல்கிராங்கும் ஒழிந்தது என்பதை மட்டும் அவர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.